சம்பங்கி மாலையை விழுங்கிய ப்ளோயர்

“...அதெல்லாம் சரிங்க. ஏறுறதுக்கு இம்புட்டு வாங்கி மாட்டியிருக்கீங்க. நிக்கிறதுக்கு என்ன வாங்கியிருக்கீங்க?”

கேட்டது மெக்கானிக் இல்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில் வைத்திருக்கிற ஒரு முதலாளியின் வீட்டம்மா. ரெண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத, பச்சை நிறப் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரில், இடது சீட்டில், பட்டுப்புடவையும் மடியில் சீர்த்தட்டுமாக உட்கார்ந்துகொண்டு கேட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தவர் அவர் புருசன், அதாவது எங்கள் முதலாளி. காரைச் சுற்றிப் பூசாரி, ட்யூனிங் நிபுணர், மில் ஃபிட்டர், நான்.

பட்டறைக்குப் புதுசாக வந்திருக்கும் தம்பிகளே, ரெண்டு பேராவது இப்போது வந்திருக்கிற தங்கச்சிகளே, அந்தம்மா அடுத்து என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், இத்தனை ஆம்பளைகள் ஒரு காரைச் சுற்றி வாயடைத்து நிற்கிற நிலைமைக்கு எப்படி வந்தோம் என்று தெரிய வேண்டும். இன்ஜின் வேலை யாரும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஃபோனைத் திறந்தால் அதுவே சொல்லிக் கொடுக்கிறது. பெரிய மனிதர்கள் கூடி நின்று முட்டாள்தனம் செய்யும்போது நம் கை என்ன செய்ய வேண்டும் என்பதை எந்த ஃபோனும் சொல்லாது.

அந்தக் கார் முதலாளியின் அப்பா வைத்திருந்தது. அழகான வண்டி, மறுக்க மாட்டேன். ரோட்டில் போனால் சைக்கிளில் போகிறவன் கால் ஊன்றி நின்று பார்ப்பான். ஆனால் வயதான வண்டி. சமவெளியில் திண்டுக்கல்லுக்கும் வேடசந்தூருக்கும் போய்வரும் வரைக்கும் மரியாதையாகப் போகும். மலை என்றால் மூச்சு வாங்கும்.

மூச்சு வாங்கியதை ஒருத்தர் பார்த்துவிட்டார். அதுதான் வினை. பார்த்தவர் முதலாளியின் சகலை. சிறுமலையில் தோட்டம் வைத்திருக்கிறார். ஒரு பொங்கல் சமயம் முதலாளி இந்தப் பச்சை வண்டியில் மலை ஏற, சகலை தன்னுடைய பெரிய வண்டியில் ஏசி போட்டுக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறார். தாண்டிப் போனதோடு விட்டாரா? மேலே ஒரு வளைவில் நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். முதலாளி இரைந்துகொண்டு வந்து சேர்ந்ததும் ஜன்னலோரம் குனிந்து, “என்ன சகலை, வண்டி உங்களக் கூட்டிட்டு வருதா, நீங்க வண்டியக் கூட்டிட்டு வாறீங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

அம்புட்டுதான். மில் நின்றாலும் கலங்காத மனிதர், பஞ்சு விலை ஏறினாலும் சோறு உண்கிற மனிதர், சகலை ஊற்றிய ஒரு டம்ளர் டீயில் மூழ்கிப் போனார். சகலையின் பேரப்பிள்ளைக்குச் சிறுமலையில் காதுகுத்து என்று அழைப்பு வந்ததும் முடிவு செய்துவிட்டார்: அதே மலை, அதே வண்டி, இந்தத் தடவை சகலை கீழே, தான் மேலே. இங்கிலாந்திலிருந்து பெட்டி வந்து இறங்கியது. உள்ளே சூப்பர்சார்ஜர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஜின் தானாக இழுக்கிற காற்று போதாதென்று, பெல்ட் போட்டு ஒரு பம்பைச் சுழற்றி, காற்றையும் பெட்ரோலையும் உள்ளே திணிக்கிற சாமான் அது. பந்தியில் சாப்பிட்டு எழுந்தவனைத் தோளைப் பிடித்து அமுக்கி, மறுபடி இலை போட்டு ஊட்டுகிற மாதிரி. பலம் வரத்தான் செய்யும். மில் ஃபிட்டர் அதைப் பார்த்துவிட்டு, “இது நம்ம ப்ளோ ரூம் சாமானுக்குப் பேரன் மாதிரில்ல இருக்கு” என்றார். ப்ளோ ரூம் என்பது நூல் மில்லில் பஞ்சுப் பொதியை உடைத்துக் காற்றில் அடிக்கிற அறை. அன்றிலிருந்து அதற்கு ‘ப்ளோயர்’ என்று பேர் விழுந்தது. நானும் அப்படியே சொல்கிறேன்.

பெட்டியோடு முதலாளி என் பட்டறைக்குத்தான் முதலில் வந்தார். காரின் இன்ஜினை ஒரு தடவை பிரித்துக் கோர்த்தவன் நான். சாமானைப் பார்த்தேன். நல்ல சாமான். அடுத்து வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். பிரேக் அவர் அப்பா காலத்து டிரம்; சூடேறினால் பிடி விட்டுப்போகிற பழைய வகை.

“முதலாளி, மாட்டலாம். மொதல்ல பிரேக்க மாத்திருவோம். முன்னாடி டிஸ்க் போட்டு, அப்புறம் இத ஏத்துவோம்.”

“பிரேக்கப் பெறகு பாத்துக்கலாம் மேஸ்திரி. காதுகுத்து வருதில்ல?”

காதுகுத்து காருக்கு என்பது போலச் சொன்னார். பிரேக் ஆகாமல் ப்ளோயரைத் தொட மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. மரியாதையாகப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். ஏன் போனார் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ப்ளோயரைப் பானட்டைத் திறந்து சகலைக்குக் காட்டலாம். பிரேக்கைக் காட்ட வேண்டுமென்றால் சகலையைத் தரையில் படுக்க வைக்க வேண்டும்.

அப்படித்தான் அந்த ட்யூனிங் நிபுணர் உள்ளே வந்தார். ஊர் பேர் வேண்டாம். முப்பது வயசுக்குள் இருக்கும். கறுப்பு டி-ஷர்ட், கறுப்புக் கையுறை, கறுப்புக் கண்ணாடி. எண்ணெய் பட்டால் தெரியக்கூடாது என்பதற்காக என்று நினைத்தேன். அவர் எண்ணெய் படுகிற எந்த இடத்துக்கும் போகவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில்: “நோ இஸ்யூஸ் சார்.” பெல்ட் நேராக ஓடுமா? நோ இஸ்யூஸ் சார். இன்ஜின் சூடாகாதா? நோ இஸ்யூஸ் சார். மில்லுக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் ரெண்டு நாள் கேட்டுவிட்டு என்னிடம், “இவரு வைத்தியரா இருந்தா பொணத்துக்கும் ஒண்ணுமில்லம்பாரு” என்றார்.

ஒரு வேலை மட்டும் அவர் தன் கையாலேயே செய்தார். காற்று உள்ளே போகிற வாயில் இருந்த ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளவென்று, நாதஸ்வரத்தின் கடைசியில் விரிகிற அணைசு மாதிரி திறந்த வாயை மாட்டினார். மில் பக்கம் போனபோது பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டேன்.

“சவுண்டுக்கு. வீடியோல இந்த விசில் வந்தாத்தான் லைக் வரும்.”

“இது நூல் மில்லு அப்பு. இங்க பறக்கிறது பூராம் பஞ்சு. அம்புட்டையும் உள்ள இழுக்குமே?”

“நோ இஸ்யூஸ்.”

பிரேக்?

“டெஸ்ட் பண்ணிட்டேன்.”

“எங்க?”

“காம்பவுண்டுக்குள்ள.”

மில் காம்பவுண்டுக்குள் மாட்டு வண்டியும் நிற்கும், தம்பிகளே. கயிறு கட்டாமலே நிற்கும்.

காதுகுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வெளியே வருகிறேன், முதலாளியின் டிரைவர் வாசலில் நிற்கிறார். “மேஸ்திரி, வண்டிக்குப் பூஜை. முதலாளி நீங்க வந்து நிக்கணும்னு ஆசப்படுறாரு.” ஒரு பூசையிலிருந்து இன்னொரு பூஜைக்குப் போனேன். போகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் பிரேக் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

மில் வாசலில் திருவிழா. உறவுக்காரர்களை மலைக்கு ஏற்றிப் போக, வாரநாளில் தொழிலாளிகளைக் கொண்டுவருகிற மில் பஸ் தயாராக நின்றது. பாதி பேர் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. நடுவில் பச்சை வண்டி. ப்ளோயர் எல்லார் கண்ணிலும் பட வேண்டுமென்று பானட்டையே கழற்றி ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். அந்தம்மா ஏற்கெனவே சீட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பூப்போட்ட சிலுக்குத் துணி. காற்றில் முடி பறக்காமலிருக்கத் தலையில் கட்டிக்கொள்ள முதலாளி வாங்கிக் கொடுத்ததாம்.

“வெள்ளக்காரிக கட்டுவாளுகளாம், மேஸ்திரி,” என்றார் என்னைப் பார்த்து. “இதக் கட்டிக்கிட்டுப் போனா காது யாருக்குக் குத்துறதுன்னு என் தங்கச்சியே கொழம்பிப்போவா.” கட்டவில்லை. மடித்துக் கையிலேயே வைத்திருந்தார்.

பூசாரிக்கு அன்றைக்கு ஒரே ஒரு குழப்பம். வழக்கமாக ஸ்டியரிங்குக்கும் முன்பக்கத்துக்கும் மாலை போடுகிறவர். இங்கே பளபளவென்று புதுசாக ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது, எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? ப்ளோயருக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், நிலக்கோட்டைச் சம்பங்கியில் கட்டின கனமான மாலையைச் சுற்றிப் போட்டார். மாலையின் நுனி அந்த நாதஸ்வர வாய்க்குப் பக்கத்தில் தொங்கியது. நான் பஞ்சை நினைத்தேன், பிரேக்கை நினைத்தேன். மாலையை நான் நினைக்கவில்லை. யாருமே நினைக்கவில்லை.

முதலாளி ஸ்டார்ட் செய்தார். அழகாக ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். நிபுணர் ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “சார், ஒரு ரெவ் குடுங்க. விசில் வரட்டும்” என்றார்.

முதலாளி மிதித்தார். விசில் வந்தது. மாலையின் நுனி எழுந்தது, ஒரு பாம்பு தலை தூக்குகிற மாதிரி. அப்புறம் சின்னப் பிள்ளை சேமியாவை உறிஞ்சுகிற மாதிரி, சரசரவென்று மாலை உள்ளே போனது. பூ போனால் பரவாயில்லை, பொடிந்துவிடும். சம்பங்கியைக் கட்டியிருந்தது வாழைநார். நனைந்த வாழைநார். அது உள்ளே உருளைகளில் சுற்றிக்கொண்டது. பெல்ட் வீறிட்டது, ரப்பர் கருகியது, இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

ரப்பர் நாற்றமும் சம்பங்கி வாசமும் கலந்து, கல்யாண மண்டபத்தில் டயரைக் கொளுத்திய மாதிரி இருந்தது. பளபளக்கும் அந்த வாயில் ஒரே ஒரு சம்பங்கி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு கிழவர் சொன்னார்: “சாமி மாலைய ஏத்துக்கிருச்சப்பா.”

பூசாரி பிடித்துக்கொண்டார். “ஆமா ஆமா, நல்ல சகுனம்.” மில் ஃபிட்டர் தலையாட்டினார். கூட நின்ற ரெண்டு மூன்று பேரும் தலையாட்டினார்கள். நிபுணர் ஒரு கொறடு விட்டு நாரை இழுத்தார். ஒரு கொத்து வந்தது. இன்னொரு கொத்து வந்தது. “செத்த நேரம் சார், நோ இஸ்யூஸ்.” பெல்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. “ரெடி சார். போலாம்.”

அந்த நேரம் பார்த்து முதலாளியின் ஃபோன் அடித்தது. சகலை. எல்லாருக்கும் கேட்டது. “கிளம்பிட்டீங்களா சகலை? இல்ல தள்ளிக்கிட்டு வாறீங்களா?”

முதலாளி முகம் சிவந்து போனது. ஃபோனை அணைத்தார். பஸ் ஹாரன் அடித்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மேஸ்திரி, சொல்லுங்க. போலாமா, வேண்டாமா?”

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாற்பது தலைகள் உங்களைப் பார்க்கும். அத்தனைக்கும் வேண்டிய பதில் ஒன்றே ஒன்று. அதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். சொல்லாவிட்டால் நல்ல நாளைக் கெடுத்தவன் நீங்கள்.

நான் வேலை பார்த்த பட்டறையில் ஒரு பெரிய மேஸ்திரி இருந்தார். ஒன்றும் சொல்லிக் கொடுக்க மாட்டார்; வாய் திறந்தால் வசவுதான். ஆனால் யாராவது நின்றுகொண்டு அவசரப்படுத்தினால், கையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். வேஸ்ட் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும். துடைத்து முடிக்கிற வரைக்கும் பதில் வராது. கஸ்டமர் கத்துவார், இவர் சுண்டு விரலுக்கு வந்திருப்பார். கஞ்சத்தனமான ஆள், பேச்சில் கூட மிச்சம் பிடிக்கிறார் என்று எங்களுக்குள் கேலி பேசுவோம். அந்த விரல் துடைக்கிற நேரத்துக்குள் கஸ்டமரின் அவசரம் அவர் தலையிலிருந்து இறங்கிவிடும், வண்டி மட்டும் மிச்சமிருக்கும் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

மில்லில் பஞ்சு வேஸ்ட்டுக்கா பஞ்சம்? ஒரு பிடி எடுத்தேன். என் கை சுத்தமாகத்தான் இருந்தது, கோயிலிலிருந்து வந்த கை. இருந்தாலும் துடைத்தேன். துடைத்து முடித்துச் சொன்னேன்.

“வேண்டாம் முதலாளி. வந்த நார் எம்புட்டுன்னு தெரியுது. உள்ள நிக்கிறது எம்புட்டுன்னு தெரியல. ஒரு துண்டு அந்த வாய்க்குள்ள, காத்தத் தொறந்து மூடுற கதவுல மாட்டிக்கிச்சுன்னா, நீங்க ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்தாலும் வேகம் கொறையாது. கொண்டை ஊசி வளைவுல அதுபாட்டுக்கு இழுக்கும். கீழ இருக்கிறது உங்க அப்பா காலத்து பிரேக்கு. அது பிடிக்காது.”

“பயமுறுத்தாதீங்க சார்,” என்றார் நிபுணர். “நெகட்டிவா பேசாதீங்க.”

“மெதுவாப் போனா?” என்றார் முதலாளி.

“மெதுவாப் போறதுக்கு ப்ளோயர் எதுக்கு முதலாளி? மெதுவா அது முன்னயே போச்சே.”

யாரோ சிரித்தார்கள். சிரித்தது தப்பாகப் போனது. முதலாளிக்கு இப்போது சகலை போதாதென்று நானும் சேர்ந்துகொண்டேன். “நான் போறேன்” என்றார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. நிபுணர் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். தலையாட்டிகள் மறுபடி தலையாட்டினார்கள். தம்பிகளே, எந்த ஊரிலும் விபத்துக்கு முன்னால் இப்படி நாலு தலை ஆடியிருக்கும். அப்புறம் போய்ப் பாருங்கள், ஒரு தலையும் அங்கே இருக்காது. “நான் அப்பவே நெனச்சேன்” என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்.

அந்தச் சத்தத்தில்தான் அந்தம்மா பேசினார். கத்தவில்லை. சீர்த்தட்டில் வாழைப்பழச் சீப்பைச் சரி செய்துகொண்டே, புருசனைப் பார்க்காமல், ஊர்க்கதை பேசுகிற குரலில் கேட்டார். வேகமா ஏறும், சகலைய முந்திரலாம், அதெல்லாம் சரிங்க, நிக்கிறதுக்கு என்ன வாங்கியிருக்கீங்க?

முதலாளி இன்ஜினை அணைத்தார். நிபுணர் பக்கம் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கும் ‘நோ இஸ்யூஸ்’ வரவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி டி-ஷர்ட்டில் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தால் பிரயோசனம் உண்டு. கண்ணாடியைத் துடைத்து என்ன புண்ணியம்?

பிரேக், பிரேக் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். என் வாயில் அது ஒரு பார்ட்டின் பேர். சாமான் விற்கிறவன் சொல்கிற மாதிரி காதில் விழுந்திருக்கும். அந்தம்மா வாயில் அது அவர் உட்கார்ந்திருந்த சீட்டைப் பற்றிய கேள்வியாக வந்து விழுந்தது. நான் நாரைப் பேசினேன், டிரம்மைப் பேசினேன். பக்கத்துச் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பேசவில்லை. உங்களிடம் யாராவது ப்ளோயரோ வேறு எதுவோ தூக்கிக்கொண்டு வந்து வேகம் வேண்டும் என்று நின்றால், எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்காதீர்கள். இடது பக்கம் யாரைக் கூட்டிக்கொண்டு போகப் போறீங்க என்று கேளுங்கள். பாதிப் பேர் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள். மீதிப் பேர் பிரேக்குக்குச் சம்மதிப்பார்கள்.

ப்ளோயர் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பச்சை வண்டியில் இன்றைக்கும் அது ஓடுகிறது. முன் சக்கரத்துக்கு டிஸ்க் போட்டு, வாய்க்கு ஃபில்டர் மாட்டி, உள்ளே கிடந்த நாரையெல்லாம் பிரித்துப் பொறுக்கி எடுத்து நாங்கள்தான் கோர்த்தோம். பிரித்தபோது ஒரு முழம் நார் கார்புரேட்டர் கதவு வரைக்கும் வந்து நின்றிருந்ததை முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். நிபுணரின் வீடியோவில் அந்த விசில் வரைக்கும்தான் இருக்கிறதாம். மாலை போன இடத்தை வெட்டிவிட்டாராம்.

சரி, அந்தம்மா.

பதிலுக்கு அவர் நெடுநேரம் காத்திருக்கவில்லை. வலது கையை நீட்டி, டாஷ்போர்டு நடுவில் இருந்த சாவியை உருவினார். முந்தானை நுனியில் வைத்து முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகினார். சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு, பட்டுப்புடவை கதவில் மாட்டாமல் பதனமாக இறங்கினார். எங்கள் யாரையும் பார்க்காமல் நடந்து போய் மில் பஸ்ஸின் முன்படியில் ஏறினார். டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரம் உட்கார்ந்தார். தலையில் கட்டிக்கொள்ள வாங்கித் தந்த அந்தச் சிலுக்குத் துணியை உதறி விரித்து, பக்கத்துச் சீட்டில் போட்டார். அங்கே உட்கார வந்த ஒரு உறவுக்காரப் பெரியம்மாவிடம், “ஆள் வருது” என்றார்.